கோஃபாக்ஸின் ஆறு வருடத்தை விழுங்கியது யார்?

தட்டுக்குப்_பின்னால்

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், "திறமை இருக்கிற பையனைக் கீழே போட்டு ஊறவைக்கக் கூடாது, நேராக மேலே ஏற்றிவிட வேண்டும்" என்று எழுதியிருந்தார். பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது, அதனால் தனி இழை.

என் சாட்சி சாண்டி கோஃபாக்ஸ், அமெரிக்க பேஸ்பாலில் இடதுகைப் பிட்சர், அதாவது பந்து எறிபவர். 1935 டிசம்பர் 30 அன்று புரூக்ளினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் அவர் உயிரைவிட்டது கூடைப்பந்துக்கு. பேஸ்பாலில் முதல் பேஸில் (அடித்தவர் ஓடித் தொட வேண்டிய முதல் முனை) நிற்பார், அவ்வளவுதான். அவருடைய கை எறிகிற கை என்பதை உள்ளூர் அணியில் ஒரு பயிற்சியாளர் கண்டுபிடித்தார். சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குப் போனதும் கூடைப்பந்து ஆடத்தான். 1954 வசந்தத்தில் அங்கே பேஸ்பால் அணியிலும் சேர்ந்தார். 32 இன்னிங்ஸில் (இங்கே மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ்) 51 பேரை ஸ்டிரைக்-அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே அவுட்டாக்கினார், 30 பேரைச் சும்மா நடக்கவிட்டார். இந்த இரண்டு எண்ணையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்ஸ்பர்கில் தேர்வுக்குப் போனபோது அவர் எறிந்த பந்தில் எதிரே பிடித்தவரின் கட்டைவிரல் உடைந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்குப் புது ஆட்களைத் தேடும் தேடுநர் அல் கம்பானிஸ், தன் கையில் ரோமம் சிலிர்த்தது வாழ்க்கையில் இரண்டே முறைதான் என்பார். சிஸ்டைன் தேவாலயத்தின் மேற்கூரையைப் பார்த்தபோது ஒன்று, கோஃபாக்ஸின் வேகப்பந்தைப் பார்த்தபோது ஒன்று.

1954 டிசம்பரில் ஒப்பந்தம். 6,000 டாலர் சம்பளம், 14,000 டாலர் போனஸ். வினையே அந்தப் போனஸ்தான். 4,000 டாலருக்கு மேல் வாங்குகிற புதுப் பையனை இரண்டு வருடம் மேஜர் லீக் என்ற மேல்மட்ட அணியிலேயே வைத்திருக்க வேண்டும், மைனர் லீக் என்ற கீழ்மட்டத்துக்கு அனுப்பக் கூடாது என்று அப்போது விதி. பணக்கார அணிகள் பையன்களை வாங்கிப் பதுக்குவதைத் தடுக்கக் கொண்டுவந்தார்களாம். விளைவு என்ன? எறியத் தெரியாத 19 வயதுப் பையன், சாம்பியன்ஷிப்புக்கு மோதுகிற அணியின் பெஞ்சில். 1955, 1956, 1957 மூன்று வருடமும் சேர்த்து அவர் எறிந்தது 204 இன்னிங்ஸ்தான். பின்னாளில் 1965-இல் மட்டும் 335.

முதல் ஆறு வருடம்: 36 வெற்றி, 40 தோல்வி. அடுத்த ஆறு வருடம்: 129 வெற்றி, 47 தோல்வி. முப்பது வயதில் முழங்கை போய் ஓய்வு. அந்த முதல் ஆறு வருடத்தை விழுங்கியது விதி என்கிறேன். யாராவது மறுங்கள் பார்ப்போம்.

ரஞ்சிக்காரன்

கிரிக்கெட் மட்டும் தெரிந்தவன் கேட்கிறேன். "நடக்கவிட்டார்" என்றால் என்ன?

தட்டுக்குப்_பின்னால்

அடிப்பவரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே, தரையில் பதித்த தட்டின் அகலத்துக்குள் பந்து வர வேண்டும், அதுதான் ஸ்டிரைக் எல்லை. அதற்கு வெளியே போன பந்தை அவர் அடிக்காமல் விட்டால் அது 'பால்'. ஒருவருக்கு நான்கு பால் போட்டால் அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போகலாம். உங்கள் ஊர் வைடுக்கு ஒரு ரன் தண்டம். இங்கே ஒரு ஆளையே இலவசமாக ஏற்றிவிட வேண்டும்.

ரஞ்சிக்காரன்

அப்படியானால் இது ரஞ்சி ஆடாமல் நேராக டெஸ்டுக்கு வந்த கதை. புரிந்தது. தொடருங்கள்.

பழையஸ்கோர்புக்

தொடங்கியவரின் எண்கள் எல்லாம் சரி. அவற்றைக் கூட்டிய விதம்தான் தவறு.

36-40 என்பதை வருடவாரியாகப் பிரியுங்கள். 1955: 2-2. 1956: 2-4. 1957: 5-4. ஆக 9-10. மிச்சம் 27-30 எப்போது வந்தது? 1958, 1959, 1960. அதாவது விதி அவரை விட்டு விலகிய பிறகு! 1957 மே மாதத்தின் நடுவிலேயே அவரை மைனர் லீகுக்கு அனுப்ப டாட்ஜர்ஸுக்கு உரிமை வந்துவிட்டது. அனுப்பினார்களா? இல்லை. அந்த 76 முடிவுகளில் 57-க்கும் விதிக்கும் சம்பந்தமே கிடையாது. முக்கால் பங்குக் குற்றத்தை ஊரில் இல்லாதவன் தலையில் கட்டுகிறீர்கள்.

அந்த மூன்று வருடத்தில் வேறு என்ன நடந்தது என்றும் பாருங்கள். 1958-இல் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தது. புது மைதானம் தயாராகவில்லை. நான்கு வருடம் கொலீசியத்தில் ஆடினார்கள். அது ஓட்டப்பந்தயத்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கட்டிய இடம். இடதுபுற வேலி தட்டிலிருந்து 251 அடி, அதாவது 76 மீட்டர். ஆள் உயரத்துக்கு ஏழு மடங்காக வலை கட்டியும், வலதுகை அடிப்பவர் தூக்கிப்போட்டால் போய்விடும். இடதுகைப் பிட்சருக்கு இதைவிடக் கொடுமையான வாடகை வீடு கிடையாது. 1962-இல் டாட்ஜர் ஸ்டேடியம் திறந்தது, அது பிட்சர்களின் சொர்க்கம். 1963-இல் ஸ்டிரைக் எல்லையையும் பெரிதாக்கினார்கள். கோஃபாக்ஸ் மாறினார், ஒத்துக்கொள்கிறேன். அவர் நின்ற தரையும் சேர்ந்தே மாறியது.

வளைபந்து

இரண்டு பேரும் ஒருவரை வசதியாக மறந்துவிட்டீர்கள். மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன்.

1955 ஆகஸ்ட் 27 அன்று சின்சினாட்டிக்கு எதிராகக் கோஃபாக்ஸுக்கு முதல் வெற்றி. எதிரணிக்கு இரண்டே ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது), 14 ஸ்டிரைக்-அவுட், ஒரு ஓட்டம் கூடக் கொடுக்கவில்லை. இப்படி எறிந்தவனுக்கு அடுத்த வருடம் முழுக்கக் கொடுத்தது 58 இன்னிங்ஸ். 1957 மே 16 அன்று சிகாகோவில் 13 ஸ்டிரைக்-அவுட்டோடு முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரம்தான் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களின் வரிசையில் இருந்தார். நன்றாகவே எறிந்தார். அப்புறம் 45 நாள் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கக் கொடுக்கவில்லை. இதை எந்த விதி செய்தது? அணியின் நட்சத்திரம் ஜாக்கி ராபின்சனே இந்தப் பையன் விஷயமாக ஆல்ஸ்டனோடு முட்டிக்கொண்டவர்.

1960-இல் கோஃபாக்ஸ் பொது மேலாளர் பவாசியிடம் நேராகவே கேட்டார், ஏன் என்னை எறியவிடுவதில்லை என்று. உன்னால் ஆட்களை அவுட்டாக்க முடியவில்லையே என்றாராம் அவர். டக்-அவுட்டில், அதாவது அணியின் பெஞ்சில், உட்கார்ந்துகொண்டு யாரால் அவுட்டாக்க முடியும் என்றாராம் இவர். அவ்வளவுதான் வழக்கு. தீர்ப்பையும் இதிலேயே எழுதிவிடலாம்.

பழையஸ்கோர்புக்

ஆல்ஸ்டன் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய நிலைமையையும் பாருங்கள். டாட்ஜர்ஸில் 23 வருடம் மேலாளராக இருந்தார். 23-உம் ஒரு வருட ஒப்பந்தம்! இந்த சீசன் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியவர், அடுத்த பத்தாண்டுக்கான நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருப்பாரா? 1955-இல் புரூக்ளினுக்கு முதல் வேர்ல்ட் சீரீஸ் (இரண்டு லீகின் வெற்றியாளர்களும் மோதும் இறுதித் தொடர்) வென்று கொடுத்தார். 1956-இல் லீகை வென்றார். அந்த அணியில் ஸ்டிரைக் போடத் தெரியாத பையனுக்கு வாய்ப்புக் கொடுத்திருந்தால் இன்று அவரைத் திட்ட வேறொரு இழை இருந்திருக்கும்.

வளைபந்து

அப்படியானால் குற்றம் முதலாளியுடையது. ஒரு வருட ஒப்பந்தம் போட்டவர் அவர்தானே. :)

நியூஜெர்சி_மணி

இங்கே இருபது வருடமாகக் குடியிருப்பவன் என்ற உரிமையில் நடுவில் புகுகிறேன்.

என் மகன் பிட்சர், பதின்மூன்று வயது. போன கோடையில் அவன் கோச் "இவன் கை பெரிய கை" என்று சொல்லி பதினைந்து வயதுக்காரர்களோடு சேர்த்துவிட்டார். எனக்கு ஒரே பெருமை. கோடை முழுக்கப் பையன் சூரியகாந்தி விதை மென்றுகொண்டு பெஞ்சில் இருந்தான். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். இந்த வருடம் தன் வயதுக்காரர்களோடுதான் ஆடுவேன் என்று அவனே சொல்லிவிட்டான். அதனால் என் ஓட்டு இழையைத் தொடங்கியவருக்கு.

இன்னொன்று. ஒப்பிட வேண்டுமானால் இன்னொரு யூதப் பையன் இருக்கிறார், ஹாங்க் கிரீன்பெர்க். ருமேனியாவிலிருந்து வந்த குடும்பம், பிராங்க்ஸில் வளர்ந்தவர். சொந்த ஊர் யாங்கீஸ் கூப்பிட்டும் போகவில்லை, ஏனென்றால் அங்கே முதல் பேஸில் லூ கெரிக் பாறை மாதிரி நின்றுகொண்டிருந்தார். டிட்ராய்டோடு ஒப்பந்தம் போட்டார். 1930-இல் ஒரே ஒரு ஆட்டத்தில் தலைகாட்டியதோடு சரி. மூன்று சீசன் மைனர் லீக் ஊர்களில் சுற்றினார். கடைசியாக டெக்சாஸில் போமாண்ட், 1932-இல் அங்கே 39 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே தூக்கி அடிப்பது). 1933-இல் டிட்ராய்டுக்கு வந்தபோது அடிக்கும் சராசரி .301, அதாவது பத்துக்கு மூன்று ஹிட். 1938-இல் 58 ஹோம் ரன். தன் இடம் எங்கே காலி என்று பார்த்து, அங்கே போய், அடிமட்டத்திலிருந்து ஏறியவர். வந்த நாளிலிருந்து ஆட்டக்காரர்.

பழையஸ்கோர்புக்

மணி சார், உங்கள் மகன் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். கிரீன்பெர்க் விஷயத்தில் இல்லை. டிட்ராய்டைச் சொன்னீர்கள், அதே டிட்ராய்டில் அல் கேலைன் என்று ஒருவர் உண்டு. 1953-இல் பள்ளி முடித்த கையோடு போனஸ் பையனாக வந்தார். மைனர் லீகை எட்டியே பார்க்கவில்லை. 1955-இல் அமெரிக்கன் லீகின் சிறந்த அடிப்பவர், அப்போது வயது 20. அதே விதி, அதே காலம். ஹார்மன் கில்லிப்ரூ என்று வாஷிங்டனில் இன்னொருவர். 1954-இல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். விதிக்காலம் முடிந்ததும் மைனர் லீகுக்குப் போய் ஆடிவிட்டு வந்தார். 1959-இல் 42 ஹோம் ரன். ஒரே கடையில் வாங்கிய மூன்று விதை, மூன்று விதமாக முளைத்தது. விதி எல்லோரையும் கெடுத்தது என்றால் கேலைனுக்கு என்ன பதில்?

தட்டுக்குப்_பின்னால்

கேலைன் விதிவிலக்கு. கில்லிப்ரூ என் கட்சி! கீழே போய் ஆடிய பிறகுதானே தேறினார்?

பழையஸ்கோர்புக்

சரி, கில்லிப்ரூவை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

1954 பிப்ரவரியில் டாட்ஜர்ஸ் இன்னொரு பையனை வாங்கியது. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ராபெர்ட்டோ கிளெமெண்டே. போனஸ் 10,000 டாலர். அவரை என்ன செய்தார்கள்? நீங்கள் ஆசைப்படுகிற அதே காரியம். மைனர் லீகுக்கு, மாண்ட்ரியலுக்கு அனுப்பினார்கள். போனஸ் வாங்கியவனைக் கீழே அனுப்பினால் சீசன் முடிவில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். அதே வருடம் நவம்பரில் பிட்ஸ்பர்க் வந்து கொத்திக்கொண்டு போனது. அவர் 3,000 ஹிட் அடித்தது பிட்ஸ்பர்க் சட்டையில்.

அது நடந்த அடுத்த மாதம்தான் கோஃபாக்ஸ் கையெழுத்துப் போட்டார். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சூடுபட்ட ஆறாத புண்ணோடு இருந்தவர்கள் இவரையும் கீழே அனுப்பிப் பரிசோதித்திருப்பார்களா? அனுப்பியிருந்தால் கட்டைவிரல் உடைந்த அதே பிட்ஸ்பர்க் இவரையும் தூக்கியிருக்கும். அங்கே நார்ம் ஷெர்ரி இல்லை.

ரஞ்சிக்காரன்

நார்ம் ஷெர்ரி யார்? ஒவ்வொரு பதிவிலும் ஒரு புதுப் பெயரை அவிழ்க்கிறீர்கள்.

தட்டுக்குப்_பின்னால்

நான் சொல்கிறேன், ஏனென்றால் அவரும் என் சாட்சிதான், அவர் அறியாமலேயே அவரை எதிர்க்கட்சியில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

1960 சீசன் முடிவில் 8-13. கோஃபாக்ஸ் வெறுத்துப்போய்த் தன் கையுறை, ஷூ எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டுப் போனார். உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் நோப் கவானோ அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தினார். (எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த ஆள் கவானோதான்.) இன்னும் ஒரே ஒரு வருடம் முயற்சி செய்யலாம் என்று 1961 வசந்தப் பயிற்சிக்கு வந்தார். ஆர்லாண்டோவில் ஒரு சாதாரணப் பயிற்சி ஆட்டம். கூட வர வேண்டிய பிட்சர் ஒருவர் விமானத்தைத் தவறவிட்டதால் கோஃபாக்ஸே நீண்ட நேரம் எறிய வேண்டிய கட்டாயம். முதல் இன்னிங்ஸிலேயே வரிசையாக மூன்று பேரை நடக்கவிட்டு பேஸ் எல்லாம் நிரம்பிவிட்டது. கேட்சர் (எறிந்த பந்தைத் தட்டுக்குப் பின்னால் பிடிப்பவர்) ஷெர்ரி எழுந்து போய்ச் சொன்னார்: இவ்வளவு பலமாக எறியாதே, கொஞ்சம் தளர்த்தி எறி, கர்வ் (வளைபந்து) போடு, அவர்கள் அடிக்கட்டும். அன்று ஏழு இன்னிங்ஸ், ஒரு ஹிட் கூட இல்லை.

1960-இல் 175 இன்னிங்ஸில் 100 பேரை நடக்கவிட்டவர், 1961-இல் 255 இன்னிங்ஸில் 96 பேர். ஸ்டிரைக்-அவுட் 269, அன்றைக்கு அது நேஷனல் லீக் சாதனை.

இப்போது என் கேள்வி. "கொஞ்சம் மெதுவாக எறி" என்பது என்ன பிரம்ம ரகசியமா? ஆளில்லாத ஊர் மைதானத்தில், தோற்றால் யாரும் கேட்காத ஆட்டத்தில், நாலு நாளுக்கு ஒருமுறை எறிந்திருந்தால் 1956-லேயே தானாகப் பிடிபட்டிருக்கும். அது நடந்ததே ஒரு கணக்கில் வராத ஆட்டத்தில்தான், கவனித்தீர்களா? இன்னும் ஒன்று: ஷெர்ரி மேஜர் லீகுக்கு வந்தது 1959-இல், 27 வயதில். அதற்கு முன்னால் அவர் எங்கே இருந்தார்? மைனர் லீகில். எதை கோஃபாக்ஸுக்குக் கொடுக்கவில்லையோ, அதிலே வருடக்கணக்காக ஊறி வந்தவர்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

வளைபந்து

அடடா. இது நல்ல அடி.

பழையஸ்கோர்புக்

நல்ல அடிதான், பாதி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஷெர்ரிக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்களா? அணியில் பயிற்சியாளர்கள் இருந்தார்கள், எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அறிவுரை ஒன்றுதான், கேட்ட காது வேறு. பொருட்களைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தவனுக்கு இழக்க ஒன்றும் இல்லை. 20 வயதில் யார் கேட்பார்கள்? அதே வசந்தத்தில் கென்னி மையர்ஸ் என்ற தேடுநர் ஒரு பிழையையும் கண்டுபிடித்தார்: எறிவதற்கு முன் உடம்பை மிகவும் பின்னால் சாய்ப்பதால் கோஃபாக்ஸுக்கு இலக்கே மறைகிறது என்று. இந்த ஆள் அத்தனை வருடமும் பாதி கண்ணை மூடிக்கொண்டு எறிந்திருக்கிறார்! இதற்கு எந்த விதியையும் குற்றம் சொல்ல முடியாது.

நியூஜெர்சி_மணி

ஷெர்ரியும் யூதர் என்பதை யாரும் சொல்லவில்லையே.

தட்டுக்குப்_பின்னால்

சொன்னால் என்ன ஆகும் மணி சார்? பந்துக்கு மதம் தெரியாது.

நியூஜெர்சி_மணி

பந்துக்குத் தெரியாது, பார்க்க வந்தவர்களுக்குத் தெரியும். புரூக்ளினில் அன்று யூதர்கள் ஏராளம். 1928-லேயே நியூயார்க் ஜயண்ட்ஸ், ஆண்டி கோஹென் என்ற யூதப் பையனை ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பியின் இடத்தில் நிறுத்தி அந்தக் கூட்டத்தை இழுத்தது. மாபெரும் அடிப்பவர் போன இடத்தில் ஒரு சின்னப் பையன்! அடுத்த வருடத்தோடு அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. "நம்ம பையன்" என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருப்பது சும்மா உட்கார்ந்திருப்பது இல்லை. அதைத்தான் சொல்கிறேன்.

அதே கோஃபாக்ஸ், 1965 அக்டோபர் 6 அன்று வேர்ல்ட் சீரீஸ் முதல் ஆட்டம் யோம் கிப்பூர் நாளில் வந்தபோது எறிய மாட்டேன் என்றார். யூதர்களுக்கு அது உபவாச நாள், வருடத்திலேயே புனிதமான நாள். அவருக்குப் பதில் இறங்கிய டிரைஸ்டேல் வாங்கிக் கட்டிக்கொண்டார், 8-2. வெளியே எடுக்க வந்த ஆல்ஸ்டனிடம் டிரைஸ்டேல், "நானும் யூதனாக இருந்திருக்கக் கூடாதா என்று இப்போது நினைப்பீர்கள்" என்றதாக ஒரு கதை உண்டு. 1934-இல் கிரீன்பெர்கும் அந்த நாளில் ஆடவில்லை. அவர் ஆடாதது லீகைப் பிடிக்கப் போராடிய சீசனில். பெஞ்சில் இருந்தவன் இதைச் செய்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

வளைபந்து

அந்த சீரீஸின் ஏழாவது ஆட்டத்தில் இரண்டே நாள் ஓய்வோடு இறங்கி 2-0 என்று முடித்தாரே, அவரை டிரைஸ்டேலுக்கு முன்னால் தேர்ந்தெடுத்தது ஆல்ஸ்டன். பத்து வருடம் தாமதமாக வந்த மன்னிப்புக் கடிதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பழையஸ்கோர்புக்

பெஞ்ச் என்றால் நரகம் என்றே எல்லோரும் எழுதுகிறீர்கள். 1955 அக்டோபர் 4, வேர்ல்ட் சீரீஸ் வென்ற நாள், புரூக்ளின் ஊரே ரோட்டில் ஆடுகிறது. கோஃபாக்ஸ் அந்த சீரீஸில் ஒரு பந்தும் எறியவில்லை. அன்று என்ன செய்தார் தெரியுமா? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை வகுப்புக்குப் போனார். போனஸ் பணத்தைக் கேட்டு வாங்கியதே, பேஸ்பால் கைகொடுக்காவிட்டால் படிப்பை முடிக்கலாம் என்றுதான். 3,900 டாலர் வாங்கிக்கொண்டு மைனர் லீக் பஸ்ஸில் ஏறியிருந்தால் உங்கள் விதி அவரைத் தொட்டிருக்காது. அந்தக் குடும்பம் பணத்தைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு அது தவறாகப் படவில்லை.

ரஞ்சிக்காரன்

ஒரு சந்தேகம். இவரை அணியின் 25 பேரில் சேர்க்க வேண்டுமானால் யாரையாவது வெளியே அனுப்பியிருக்க வேண்டுமே?

தட்டுக்குப்_பின்னால்

டாமி லசோர்டா. இவரும் இடதுகைப் பிட்சர். மாண்ட்ரியலுக்கு அனுப்பிவிட்டார்கள். மேஜர் லீகில் அவருடைய மொத்தக் கணக்கு 0-4, ஒரு வெற்றிகூட இல்லை. பின்னால் இதே டாட்ஜர்ஸுக்கு மேலாளராக வந்தார். என்னை வெளியே தள்ள ஒரு கோஃபாக்ஸ் வேண்டியிருந்தது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரஞ்சிக்காரன்

எறியாத பையனுக்காக எறியக்கூடிய ஆளை அனுப்பினார்கள். விதி விழுங்கியது யாருடைய வருடத்தை என்று லசோர்டாவைக் கேட்டிருக்க வேண்டும்.

தட்டுக்குப்_பின்னால்

ம்ம். அந்தப் பக்கம் நான் யோசிக்கவில்லை.

சரி, ஸ்கோர்புக் அண்ணன் போட்ட 27-30 கணக்கை இரவு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. 1958-க்குப் பிறகு நடந்ததற்கு ஆல்ஸ்டன், கொலீசியம், பின்னால் சாய்ந்த உடம்பு என்று யாரை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வருடங்களை மட்டும் நான் விடப்போவதில்லை. நிர்வாகி, இழைத் தலைப்பில் "ஆறு வருடத்தை" என்பதை "மூன்று வருடத்தை" என்று மாற்ற முடியுமா?

பழையஸ்கோர்புக்

இரண்டு சீசனும் ஒரு மாதமும்.